வாட்ச்மேன் செய்த சாக்ஸ் பொம்மை

கும்மிடிப்பூண்டியில் நான் லோடு ஏற்ற லாரியோடு இரண்டு நாள் காத்திருந்த கம்பெனியின் வாட்ச்மேன் ஒல்லியானவர். கை சும்மா இராது; எந்தக் கயிறு கிடைத்தாலும் முடிச்சுப் போடுவார். வேலையாட்கள் சேஃப்டி ஷூ மாட்டிக்கொண்டு கேட்டருகே விட்டுப்போகும் செருப்புகளை அவர் வளர்த்த நாய் கடித்துக் குதறியது. இன்னொரு செருப்பு போனால் நாயை லாரியில் ஏற்றி ஆந்திராவில் விட்டுவிடுவேன் என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் காலை வாட்ச்மேன் தன் பழைய சாக்ஸில் கந்தலை அடைத்து, முடிச்சிட்டு வீசினார். நாய் மோந்துவிட்டுச் செருப்புப் பக்கமே திரும்பியது.

"தொவைச்சியா நைனா?" என்றேன்.

"சோப்பு போட்டேன். வாயில வெக்கிற பொருளாச்சே!"

"அதுக்கு வேண்டியது கால் நாத்தம். நீ இன்னா, கொழந்தைக்கா செய்யுற?"

என் ஷூவைப் பார்த்தார். "உன்து தொவைச்சு எத்தினி நாளாச்சு?"

"ஒரு வாரம்."

"கழட்டு."

என் சாக்ஸில் செய்த பொம்மையைக் கவ்விக்கொண்டு நாய் மரத்தடிக்கு ஓடியது. மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அவரவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசி ஆளும் போன பிறகே வாட்ச்மேன் காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். எத்தனையோ கேட் பார்த்துவிட்டேன். நாய்க்காகப் பசியை மறந்தவர் அவர் ஒருவர்தான்.