மக்காய் என்று கத்தியவள்

எங்கள் தீவின் கடலோர ஊரான ஹிலோவில் யாரும் கிழக்கு, மேற்கு பார்த்து வழி சொல்வதில்லை. மலைப் பக்கம் என்றால் மவுக்கா, கடல் பக்கம் என்றால் மக்காய். இந்த இரண்டாவது சொல்லைக் கபேக்கா மட்டும் வாயில் எடுக்கமாட்டாள். சலவைக் கடையில் எனக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டவள் அவள்.

“மக்காய் சன்னலச் சாத்துன்னு சொன்னா நாக்கு வெந்துடுமாடி?” என்று கேலி செய்வோம். கையை நீட்டி, “அந்தச் சன்னல்” என்பாள்.

ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு அவள் வீட்டில் தங்கினேன். விடியும் நேரம் விழித்துப் பார்த்தால், படுக்கையில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே யாரும் இல்லை.

“உனக்குக் கேக்கல? லூக்கியா கேக்குறா, ‘மக்காயா?’ன்னு. இருபது வருஷமா தினம் கேக்குறா.”

லூக்கியா அவள் தங்கை. பேரலையில் போனவள். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மீதியை அன்று சொன்னாள்.

நாற்பத்தாறாம் வருஷம், ஏப்ரல் மாதம். காலையில் கடல் உள்வாங்கி, வெறும் தரையில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கூடையோடு சாலையில் நின்று லூக்கியா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டு வீட்டு வாசலில் நின்ற கபேக்காவுக்குத் தூரத்தில் அலை எழும்புவது தெரிந்தது. “மக்காய்! மக்காய்!” என்று கத்தினாள். கடல் பக்கம் பார், வருகிறது என்று சொல்ல நினைத்தாள். கடல் பக்கம் போ என்றுதான் தங்கை காதில் விழுந்தது. “மக்காயா?” என்று கேட்டாள், சிரித்தாள், இறங்கி நடந்தாள். மவுக்கா என்று கத்த வாய் திறந்த கபேக்காவுக்குக் குரல் எழும்பவில்லை.

“அவ புருஷன்கிட்ட சொல்லு” என்றேன்.

“கிமியோனா கொன்னே போட்டுடுவான்.”

“இப்ப மட்டும் நீ உயிரோடவா இருக்க?”

அடுத்த நாள் நானும் உடன் போனேன். கிமியோனா வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை.

“அப்ப அவ மீன் பொறுக்கப் போகலையா?”

“இல்ல தம்பி. நான் சொன்னேன்னு போனா.”

“மீனு மேல ஆசப்பட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டான்னு இருபது வருஷமா அவளத் திட்டிட்டிருக்கேன். அவ குழிக்குக்கூட நான் போனதில்ல. உனக்குத் தெரியுமாக்கா?”

கபேக்கா அழுதாள். அவன் தேற்றவில்லை. “போங்க” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அவனைப் பார்த்தோம். லூக்கியாவின் குழிமேல் மண்டிய புல்லைக் கையாலேயே பிடுங்கிக்கொண்டிருந்தான். கபேக்கா வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அவள் உள்ளே போய், மறுபக்கம் மண்டியிட்டு, புல் பிடுங்க ஆரம்பித்தாள்.