பத்தொன்பதாவது வரி

அக்கா மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். எட்டு மணி நேரமும் நின்றபடியே அட்டைகளை டப்பாக்களில் அடுக்க வேண்டும். செஸ் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் காலேஜுக்குப் போனபின் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் டப்பா அட்டையில் கட்டம் போட்டு, இரண்டு பக்கத்தையும் தானே ஆடிப் பழகினாள். எந்த நகர்த்தலையும் முதலில் எழுதிவிட்டுத்தான் காயைத் தொடுவாள். எழுதிப் பார்த்தால் கை பதறாதாம்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் நாங்களே மோதவேண்டி வந்தது. அணியில் மிச்சம் ஒரே இடம். டிரா என்றால் எனக்கு, ஜெயித்தால் அவளுக்கு. ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறேன். விண்ணப்பத்தில் எழுத எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்கும் வேண்டுமா என்று நான் கேட்கவே இல்லை.

வராந்தாவில் கூப்பிட்டேன். "அக்கா, டிரா பண்ணிக்கலாமா?"

"இதுக்குத்தான் காலையிலேருந்து டீ வாங்கிக் கொடுத்தியா?"

"நான் பிரெஞ்ச் டிஃபென்ஸ் ஆடுறேன். நீ மூணாவது மூவ்ல சிப்பாய வெட்டிடு."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆயிடுமேடா. கண்ணாடியோட சண்டை போடுற மாதிரி." சிரித்தாள். "சரி, வா."

வெட்டினாள், வெட்டினேன். வழக்கமாக அந்தச் சிப்பாயை முன்னே தள்ளி என்னை மூச்சுமுட்ட வைப்பாள். நடுவர் ஒருமுறை கண்டித்தார். "நகர்த்திட்டு எழுதும்மா."

பதினெட்டாவது நகர்த்தலில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டேன். அவள் குதிரை பாய்ந்தால் ராஜாவுக்குச் செக், ராணி காலி. அவள் தாளில் பத்தொன்பதாவது வரியில் பேனா ஓடியது. நின்றது. எழுதியதன்மேல் கோடு போட்டுவிட்டு யானையை ஒரு கட்டம் தள்ளினாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

இன்னும் நாலு நகர்த்தல் ஆடிவிட்டுக் கைகொடுத்தோம்.

நடுவர் அவள் தாளில் அந்த வரியிலேயே விரலை வைத்தார். "குதிரைய எழுதிட்டு ஏம்மா அடிச்ச? ராணி கெடைச்சிருக்குமே."

"தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் சார்."

"இவ்ளோ நல்லா ஆடிட்டு இதுல போய்க் கோட்டை விட்டியே."

தப்பு அவளுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் தள்ளினார். பத்தொன்பதாவது வரியைப் பார்க்காமல் அடியில் கையெழுத்துப் போட முடியவில்லை.

"சீக்கிரம் போடுடா," என்றாள் அக்கா. "ஷிஃப்ட்டுக்கு முன்னாடி போய், டீமுக்காகக் கேட்டு வச்ச லீவு வேண்டாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்."