சொன்னபடி நடந்த பிள்ளை

போன சனிக்கிழமை ஒரு ஸ்கூல் மீட்டிங்குக்குப் போனேன். படிக்கிற வயதில் எனக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்து போர்ஷன் செல்விக்குத் துணையாக... கொஞ்சம் கௌரவமாகச் சொன்னால், மொழிபெயர்ப்பாளராக!

செல்வி வேலைக்காகத் திருத்தணிப் பக்கமிருந்து குடும்பத்தோடு தெலுங்கு பேசும் திருச்சானூருக்கு வந்தவள். லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங். தெலுங்கு அரைகுறை. மகள் மோனிஷா ஒன்றாம் வகுப்பு. அவள் வாய் இருக்கிறதே... சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே என் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

அதனால் டீச்சர் தெலுங்கில் கேட்டது எனக்கே முதலில் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா என்று கேட்டார்.

ஸ்கூல் திறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். தண்ணீர்கூடக் கேட்டதில்லையாம். ஒருநாள் கதவிடுக்கில் விரல் மாட்டியபோதும் சத்தமில்லாமல் அழுதாளாம். டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு மாதிரி ஸ்கூலில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். நல்ல டீச்சர்தான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வாட்ஸப்பில் தெலுங்கில் எத்தனையோ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாராம். செல்வி எல்லாவற்றுக்கும் கும்பிடு எமோஜி போட்டிருக்கிறாள். டீச்சரம்மா சொன்னால் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இதையெல்லாம் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

செல்வி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். "நான்தான்க்கா சொன்னேன்... ஸ்கூல்ல தமிழ் பேசாத, எல்லாரும் சிரிப்பாங்கன்னு டெய்லியும் சொல்லிக்கினே இருந்தேன்."

தமிழ் பேசக் கூடாது. தெலுங்கு தெரியாது. ஆறு வயசுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

எனக்குக் கோபமாக வந்தது — யார் மேல் என்றுதான் தெரியவில்லை. லாட்ஜில் இவளுடைய தெலுங்கைக் கேட்டு எல்லோரும் சிரிப்பது எனக்கும் தெரியும். மகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தது தப்பா?

நான் விஷயத்தைத் தெலுங்கில் சொன்னதும் டீச்சர் மோனிஷாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் "பேசும்மா" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள். இனிமேல் பேசலாம் என்று செல்வி கெஞ்சினாள். ம்ஹூம்... உதடு பிரியவில்லை.

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பாத வீடு உண்டா? கேட்கிற பிள்ளையைப் பற்றித்தான் நாம் யாரும் கவலைப்படுவதில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். டிரைவர் போனில் தெலுங்கில் பேசிக்கொண்டே ஓட்டினார். பசிக்கிறதா என்று செல்வி மகளைக் கேட்டாள். மோனிஷா டிரைவரின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதில் வாயை வைத்துக் கேட்டாள்:

"இங்க பேசலாமாம்மா?"