எங்கள் வீட்டு ஜுரம்

என் அப்பாவுக்கு அடிக்கடி ஜுரம் வரும். வரும் என்றால், வந்ததாக நான் சொல்வேன். நைனார்பாளையத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றும் ஆட்களில் அப்பாவும் ஒருவர். முந்தின நாள் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் அவர் கிடக்கும் காலைகளில், மேஸ்திரி தெருவில் லாரியை நிறுத்திக் கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பதில் சொல்வது என் வேலை. அம்மா சொல்லிக்கொடுத்தது ‘ஜொரம்’ என்ற ஒரு சொல்தான். ‘தொட்டா சுடுதுங்க’, ‘ராவெல்லாம் பினாத்தினாருங்க’ என்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. மூன்றாம் வகுப்பிலேயே பொய்யில் நான் புலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். குடிக்கிறவர்களின் வீட்டாருக்கென்று அங்கே ஒரு கூட்டம் நடந்தது. குடிக்கிறவரை விட்டுவிட்டுக் குடிக்காதவர்களுக்கு வைத்தியமா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மா, "அவர் வேலைக்குப் போகாத அன்னைக்கு, கேக்கறவங்க கிட்ட என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்டார். "ஜொரம்" என்றார்கள் எல்லாப் பெண்களும். ஒரே சிரிப்பு. ஊரில் உள்ள அப்பாக்களுக்கெல்லாம் ஒரே ஜுரமா என்று நான் வாயைப் பிளந்தேன்.

"அந்தப் பொய்ய யார் போய் சொல்றது? நீங்களா, பிள்ளைங்களா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருந்து மாத்திரை எதுவும் தராமலே எங்களை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளே லாரி வந்து நின்றது. "இன்னா பாப்பா, எங்க உங்கப்பா?" என்றார் மேஸ்திரி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள்.

"ஜொரமெல்லாம் இல்லீங்க. குடிச்சிட்டு படுத்துகினு கெடக்கறாரு" என்றாள், குழாயடி வரைக்கும் கேட்கும்படி.

கட்டிய புருஷனை நடுத்தெருவில் காட்டிக்கொடுக்கிறாளே, இவளுக்குப் பேய் பிடித்துவிட்டதா? மேஸ்திரியே தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான் வேற ஆள பாத்துக்கறேம்மா" என்றார். லாரி போய்விட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா?" என்றார்.

அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு, "இனிமே நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம். பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றாள். மேஸ்திரிக்குக் கதை சொல்லியே தாமதமாகப் போய்ப் பழகியவள், அன்று மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். பிரார்த்தனை வரிசையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டதே என்ற அழுகைதான். அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம். அம்மா அன்று வேலையை விட்டு நிறுத்தியது என்னைத்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.