கையில் வலி உண்டா: இல்லை

ஒருவருடைய கையை நம்பி ஒப்பந்தம் எழுதுவதும், அதே கை என்றைக்குப் பழுதாகும் என்று ஊகிப்பதும் ஒரே மேசையில் நடக்கும் தொழில் எங்களுடையது.

முதலில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில. பேஸ்போலில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவருடைய முழங்கை நாள்தோறும் மிகக் கடுமையாக முறுக்கப்படுவதால், பிட்சருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க எந்த அணியும் அஞ்சும். இளம் மட்டையாளருக்கோ நேர்மாறு; அவர் தேறிவிட்டார் என்று தெரிந்தால், விலை ஏறுமுன் ஏழெட்டு ஆண்டுகளுக்குக் கட்டிவைக்கவே அணி விரும்பும். ஆட்டப் பருவம் முடிந்தபின், நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்குள், பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆண்டு இடம் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இல்லை எனப்பட்டவர் அன்று முதல் 'சுதந்திர வீரர்'. வேலை போனவருக்கு இவ்வளவு அழகான பெயரை வேறெந்தத் தொழிலிலும் நான் கண்டதில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவள். ரொறன்ரோவுக்கு வந்து, ஒழுங்காகக் கோப்பு அடுக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியால், ஒரு பேஸ்போல் அணியின் ஒப்பந்தப் பிரிவில் சேர்ந்தேன். முடிவு எடுப்பவர் எங்கள் இயக்குநர். எண்களைத் தருபவர் கார்த்திக். இரண்டையும் சேர்த்து, வீரர் ஒருவருக்கு ஒரு தாள் என்று எழுதி வைப்பவள் நான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன். படிவம் நிரப்பியே பாதி ஆயுளைக் கழித்த துன்பத்தில் என் கூட்டாளிகளே, மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதாம்.

மின்தூக்கியில் வந்த பரிந்துரை

டோர்செட் பார்க்கில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில், எனக்கு இரண்டு தளம் கீழே புஷ்பம் அன்ரி இருக்கிறார். மன்னாரைச் சேர்ந்தவர். எங்கள் அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டார். கடைசிச் சுற்றுகளில் கையில் செபமாலையும் இருக்கும். நான் அணி அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று அறிந்த நாள் முதல், மின்தூக்கிக் கதவு மூடியதும் ஆலோசனை தொடங்கிவிடும். சென்ற நவம்பரில் அவருடைய கவலை முழுவதும் ரமோனைப் பற்றியது. ரமோன் ஆட்டத்தின் முடிவில் வந்து எறிகிற பிட்சர், முப்பத்துமூன்று வயது, பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

"பிள்ளை, உவன் ரமோனை மட்டும் விட்டிடாதேங்கோ. ஒவ்வொருக்கா எறிய முன்னமும் சிலுவை போடுறவன்" என்றார். தாள்களில் உள்ளதை வெளியே பேசுவது எங்களுக்குத் தடை. ஆகவே, "அன்ரி, அதுக்கு எங்கடை படிவத்திலை கட்டம் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் தளம் வந்து கதவு திறந்தது. காலை வாசலில் வைத்துக் கதவை மறித்துக்கொண்டு அவர் சொன்னது:

"அப்ப ஒரு கட்டத்தைப் போடுங்கோவன். படிவம் செய்யிறது நீங்கள்தானே?"

நேரம் மிச்சம் பிடித்தது

ஓம், படிவம் செய்பவள் நான்தான். பருவத்தின் இறுதி நாளில் ஒவ்வொரு வீரரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுச் செல்ல வேண்டும். அதில் ஐந்தாவது கேள்வி, 'கையில் வலி உண்டா?' எதிரே இரண்டு கட்டங்கள். 'உண்டு' என்றால் மருத்துவர் படம் எடுத்துப் பார்ப்பார். 'இல்லை' என்றால் அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. பத்து ஆண்டுப் படிவங்களை நான் அடுக்கி வைத்திருக்கிறேன்; ஒரு பிட்சர்கூட 'உண்டு' என்று எழுதியதில்லை. எழுதுவாரா? ஆட்குறைப்புக்கு முதல்நாள் போய், எனக்கு முதுகு பிடித்திருக்கிறது என்று முதலாளியிடம் சொல்பவர் உங்களில் எத்தனை பேர்?

எல்லாரும் ஒன்றையே எழுதுகிறார்கள், விமானத்துக்கு வேறு ஓடுகிறார்கள் என்று கண்டு, சென்ற ஆண்டு 'இல்லை' என்ற கட்டத்தில் நானே சரி அடையாளத்தை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். முடிவுப் பட்டியலில் இருந்த பதினான்கு பேரும் பத்தே நிமிடத்தில் கையெழுத்திட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நவம்பரில் ரமோனின் தாளைப் பார்த்தபோது, கார்த்திக் தலையைச் சொறிந்தார். அவர் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து காரில் வருபவர். சொந்த ஊர் மதுரை. "கடைசி மாசம் பந்தோட வேகம் கொஞ்சம் இறங்கியிருக்கு மேடம். ஆனா வலி இல்லைன்னு அவரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன? வெச்சுக்கலாம்னு போட்டுருங்க" என்றார். நான் அப்படியே எழுதினேன். படிவத்தை எவ்வளவு விரைவாக முடித்தேன் என்பதையும் சொல்லிக்கொண்டேன். கார்த்திக் மனமாரப் பாராட்டினார்:

"டைம் மிச்சம் பண்றதுல உங்கள அடிச்சுக்க ஆளே கிடையாது மேடம்!"

செவ்வாய்க்கிழமை வந்தவர்

முடிவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரமோன் நேரே என் மேசைக்கு வந்தார். வீரர்கள் எங்கள் தளத்துக்கு வருவதில்லை, முகவர்கள்தாம் வருவார்கள். ஆறடிக்கு மேற்பட்ட மனிதர், பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்த பிள்ளையைப்போல் நின்றார். நான்காக மடித்த தாளை இடது கையால் எடுத்து வைத்தார். அவருடைய படிவத்தின் பிரதி அது.

அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். மாலையில் அப்பாவின் முழங்கைக்கு ஐஸ் பை கொண்டுவந்து வைப்பது அவள் வேலை. இந்த ஆண்டுதான் வாசிக்கக் கற்றாளாம். வீட்டில் கிடைக்கும் காகிதம் எல்லாவற்றையும் உரக்க வாசிக்கிறாளாம். இதையும் வாசித்துவிட்டு, "அப்பா, நீங்கள் மறந்துபோய் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஆகஸ்ட் முதல் கை வலிக்கிறது, சட்டைப் பொத்தான் பூட்டவும் இடது கைதான் என்றார் ரமோன்.

நான் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. இதை மாற்றினால் படம் எடுப்பார்கள், படத்தில் ஏதாவது தெரிந்தால் வெள்ளிக்கிழமை உங்களுக்கு இடம் இல்லாமலும் போகலாம், கையெழுத்தும் ஏற்கெனவே இட்டுவிட்டீர்கள் என்றேன். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்று ஒத்துக்கொண்டார். பிறகு, தாளின் மேல் விரலை வைத்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"கையெழுத்து என்னுடையது, அம்மா. சரி அடையாளம் என்னுடையது அன்று."

வெற்றுக் கட்டங்கள்

ஒரு படிவத்தில் விடை என்னுடையது என்றால், பதினான்கிலும் விடை என்னுடையதே. ரமோனுடைய படிவத்தை மட்டும் திருத்தினால் அவர் ஒருவர்தான் பலியாவார். திருத்தாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அன்று பிற்பகலே ஐந்தாவது கேள்வியை வெறும் கட்டங்களோடு எல்லாருக்கும் மின்னஞ்சலில் மறுபடி அனுப்பினேன். 'முன்பு இருந்த அடையாளம் அலுவலகத்தின் பிழை. உங்கள் விடையை நீங்களே இடுக' என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

ரமோனைத் தவிர ஊரில் இருந்தவர் நோவா மட்டும்தான். இருபத்திரண்டு வயது மட்டையாளர். எட்டு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை இயக்குநர் அவருக்காக மேசையில் தயாராக வைத்திருந்தார். நோவா நேரில் வந்து, பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "நேற்றுவரை இது வலிக்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் வலிக்கிறது" என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லி, 'உண்டு' என்பதில் அடையாளம் இட்டார். மறுநாள் காலைக்குள், பதினான்கில் ஐந்து 'உண்டு' சேர்ந்துவிட்டது. இயக்குநர் என்னை அழைத்தார். என்மேல் அவர் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"எதிரணிகள் ஒரு பருவம் முழுவதும் முயன்றும் முடியாததை, நீங்கள் ஒரே நாளில் செய்துவிட்டீர்கள். என் வீரர்களில் ஐந்து பேரைக் காயப்படுத்திவிட்டீர்கள்."

வெள்ளிக்கிழமை

படங்கள் வந்தன. ரமோனின் முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டும். ஓர் ஆண்டுக்கு எறிய முடியாது. முடிவெடுக்கும் கூட்டத்தில் நான் பேசுவது வழக்கமில்லை. தாளை வாசிப்பேன், உட்காருவேன். அன்று ரமோனின் தாளை வாசிக்குமுன், முதல் படிவத்தில் இருந்த 'இல்லை' நான் அச்சிட்டது என்றும், யாரும் கேட்காமல் தானே வந்து அவர் அதை மாற்றினார் என்றும், இதுவும் அவருடைய தாளில் முதல் வரியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். இயக்குநர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஓர் ஆண்டு எறிய முடியாத பிட்சருக்கு இடமில்லை என்பதே எங்கள் வழக்கம்.

அப்போது கார்த்திக் வாயைத் திறந்தார். முதல்நாள் முழுவதும் அவர் என் பத்து ஆண்டுக் கோப்புகளைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். 'இல்லை' என்று எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த வசந்தத்திலேயே கை போயிற்று என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய எல்லா ஆண்டும் குறைந்தது ஒருவர். அவர் இடத்துக்கு ஏப்ரலில் ஆள் தேடி நாங்கள் அலைந்த கதையும் அதில் இருந்தது. "வலிக்கிறது என்று எழுதியவருக்கு மட்டும்தான் நாம் திட்டம் போட முடியும்" என்றார். இயக்குநர் நெடுநேரம் அந்தத் தாள்களைப் புரட்டினார். பிறகு, இரண்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதச் சொன்னார்: முதல் ஆண்டு குணமாவதற்கு, இரண்டாம் ஆண்டு எறிவதற்கு. சம்பளம் முன்னையதைவிடக் குறைவுதான்.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து அவரே ரமோனுக்குச் சொன்னார். மறுமுனையில் யாரோ சிறுமி என்ன, என்ன என்று கேட்பது மட்டும் கேட்டது. "அப்படியானால் வருகிற ஆண்டு முழுவதும் என் வேலை என்ன?" என்று கடைசியில் ரமோன் கேட்டார். குணமாவது என்றார் இயக்குநர். அதற்கு ரமோன் சொன்னது:

"அந்த அம்மாவிடம் கேளுங்கள். அதற்கும் படிவம் இருந்தால், இந்தமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்."

பின்னர் முடிவானவை

ரமோனுக்கு டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது வலது கையால் பொத்தான் பூட்டுகிறார், இன்னும் பந்து எறியவில்லை. நோவாவின் மணிக்கட்டில் சுளுக்கு மட்டும்தான். ஆறு வாரம் ஓய்வெடுத்து, பெப்ரவரியில் எட்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். 'உண்டு' என்ற மற்ற மூவரில் ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, இருவருக்குக் கிடைக்கவில்லை. அந்த இருவரில் ஒருவர் வேறோர் அணியில் சேர்ந்துவிட்டார். மற்றவரிடமிருந்து செய்தி இல்லை, அவருடைய தாளை நான் இன்னும் பழைய கோப்புகளோடு சேர்க்கவில்லை. ஐந்தாவது கேள்வியின் கட்டங்கள் வெறுமையாகவே அச்சாகின்றன. கையெழுத்து வாங்க இப்போது பத்து நிமிடம் போதாது, ஒரு முற்பகல் வேண்டும். ரமோனைக் காப்பாற்றியது தான் மின்தூக்கியில் சொன்ன சொல்தான் என்று புஷ்பம் அன்ரி கட்டடம் முழுவதும் சொல்லிவைத்திருக்கிறார், நான் மறுக்கவில்லை.

இவ்வளவும் கற்ற பிறகும், சென்ற வாரம் பல் மருத்துவர் நீட்டிய படிவத்தில் 'வலி உண்டா' என்ற கேள்விக்கு, வீங்கிய கன்னத்தோடு 'இல்லை' என்றே அடையாளம் இட்டுவிட்டு வந்தேன்.