இடப்பக்கம் இருந்த மவுஸ்

எங்கள் வீட்டுக் கணினி ஒரு திங்கட்கிழமை காலையில் செத்துப்போனது. முதல் நாள் சாயங்காலம் பெரிய இடி இடித்தது. பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று நானும் நினைத்தேன், என் கணவரும் நினைத்தார். மற்றவர் பிடுங்கியிருப்பார் என்று இருவரும் இருந்துவிட்டோம். காலையில் அவர் பொத்தானை அழுத்தினார். விளக்குகூட எரியவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துச் செருகிப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னைக்கு ஃபைல் நிறைய இருக்கே” என்றார்.

ஃபைல் என்பது ஒரு கண்டெய்னர். கப்பலில் வந்து இறங்கும் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால், அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எந்த வகையில் சேரும் என்று சுங்கத் துறைக்குக் கணினி வழியாக அறிவிக்க வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்துக்கு அதைத் தட்டிக் கொடுப்பதுதான் என் கணவரின் வேலை. அறிவிப்பு போகாவிட்டால் லோரி வாசலிலேயே நிற்கும். டிரைவர் திட்டுவார், சரக்குக்காரர் திட்டுவார், இருவருக்கும் நடுவில் இருக்கும் மேலாளர் என் கணவரை அழைப்பார்.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு அவர் அலுவலகம் போவதில்லை. சிம்பாங் ரெங்கத்தில் வீட்டின் நடு அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். செவ்வாய், வியாழன், சனி பிற்பகல்களில் ரத்த சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். போய் நாற்காலியில் சாய்ந்தால் நான்கு மணி நேரம் எழ முடியாது. அந்தப் பிற்பகல்களில் அவருடைய ஃபைல்களை மற்றவர்கள் பகிர்ந்து தட்டினார்கள். முதலில் முகம் கோணாமல் செய்தார்கள்.

அன்று காலையே மேலாளர் போனில் வந்தார். அவரும் தமிழ்ப் பெண்தான், எங்களைவிட இளையவர். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

“அண்ணே, கம்பெனி ஒண்ணு வாங்கித் தரும். ஒண்ணுதான். டெஸ்க்டாப்பா லேப்டாப்பான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க லா. லேப்டாப்புன்னா சென்டருக்கும் கொண்டு போகலாம் இல்ல? இங்க பிள்ளைங்க கேக்குறாங்க அண்ணே. அவரு வேலைய எத்தன நாளுக்கு நாங்க பாக்குறதுன்னு.”

“புரியுது மா,” என்றார் அவர்.

எனக்கும் புரிந்தது. நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவள். ஒரு பேச்சில் எது செய்தி, எது அதைச் சுற்றிய துணி என்று பிரிப்பதே எனக்குத் தொழிலாக இருந்தது. மேலாளர் கணினியைப் பற்றிப் பேசவில்லை. அந்த மூன்று பிற்பகல்களிலும் என் கணவரால் வேலை செய்ய முடிந்தால் இந்த வேலை இருக்கும்; முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். அதைத்தான் மரியாதையாகச் சொன்னார்.

யோங் பெங்கில் எங்களுக்குத் தெரிந்த கணினிக் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். சீனக் கடைக்காரர் மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். “ரோசாக் லா, போஸ்,” என்றார். உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருந்தது. பிறகு மலாயில் பிரசங்கம் தொடங்கியது. இந்தக் காலத்தில் டெஸ்க்டாப் யார் வாங்குகிறார்கள்? விளையாட்டுப் பைத்தியங்களும் பள்ளிக்கூடங்களும்தான். உங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்கு லேப்டாப்தான் நல்லது. மின்சாரம் போனாலும் ஓடும். இடி இடித்தால் மூடிவிட்டுத் தூங்கலாம்.

“உங்க வீட்டுல எது வச்சிருக்கீங்க?” என்று என் கணவர் மலாயில் கேட்டார்.

“டெஸ்க்டாப்,” என்றார் கடைக்காரர், கூசாமல். “என் பொண்டாட்டி எங்கயும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல.”

இருவரும் சிரித்தார்கள். ஒரு லேப்டாப்பைத் திறந்து முன்னால் வைத்த கடைக்காரர், மவுஸ் ஒன்றை வலப்பக்கம் வைத்தார். என் கணவர் அதை எடுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டார். கடைக்காரர் அவரைப் பார்த்து, “ஓ, கிடால்,” என்றார். கிடால் என்றால் இடக்கைக்காரர். சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் அந்த மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மேசையிலும் அது இடப்பக்கம்தான் இருக்கும். தூசி தட்டும்போது வலப்பக்கம் தள்ளி வைப்பேன். அவர் வந்து உட்கார்ந்ததும் இடப்பக்கம் போய்விடும். பூட்டைத் திறப்பதும் சுத்தியல் பிடிப்பதும் இடக்கையால்தான். ஆனால் சாப்பிடுவது வலக்கை. எழுதுவது வலக்கை. பணம் கொடுப்பது, திருநீறு வாங்குவது எல்லாம் வலக்கை. சிறுவயதில் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அம்மா இடக்கையைத் துணியால் நாற்காலியோடு கட்டிவிடுவாராம். அதை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் வீட்டில் இடக்கையில் சோறு அள்ளும் பிள்ளையை யாரும் விட்டுவைப்பதில்லை. அப்படித் திருத்தப்பட்ட பிள்ளையை இடக்கைக்காரன் என்று பிறகு யாரும் நினைப்பதும் இல்லை, நான் உட்பட.

வாகனத்தில் திரும்பும்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. சுத்திகரிப்பு தொடங்குவதற்கு முன், ரத்தத்தை எடுக்கவும் திருப்பி விடவும் ஒரு கையில் சின்ன அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைப்பார்கள். அந்தக் கை பிறகு மெஷினுக்குச் சொந்தம். அதிகம் பயன்படாத கையைத்தான் எடுப்பார்கள். “எந்தக் கையால சாப்பிடுறீங்க? எந்தக் கையால எழுதுறீங்க?” என்று டாக்டர் கேட்டார். “வலது,” என்றார் இவர். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கேள்வியும் சரி, பதிலும் சரி. இடக்கையை எடுத்துக்கொண்டார்கள்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?” என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

“முதல் வாரமே.”

“ஏன் சொல்லல?”

“என்னத்த சொல்ல? டாக்டர் கேட்டது சாப்பிடுற கை. நான் சொன்னதும் சாப்பிடுற கை. ரெண்டு பேரும் பொய் பேசலியே.”

நெடுஞ்சாலையில் முன்னால் போய்க்கொண்டிருந்த கண்டெய்னர் லோரியின் பின்கதவு எண்ணை அவர் வாய்க்குள் படித்தார். அது அவருடைய பழக்கம்.

கடைக்காரர் ஒரு பழைய லேப்டாப்பை இரவல் கொடுத்திருந்தார். போய்ப் பழகிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்று. நிலையத்தில் இடக்கை மெஷினுக்குப் போய்விடும் என்பதால், அன்றும் மறுநாள் காலையிலும் அவர் வலக்கையில் மவுஸைப் பிடித்துப் பழகினார். திரையில் அம்பு பெட்டியைத் தாண்டி ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. வழக்கமாக இடக்கை மவுஸை நகர்த்தும்போது வலக்கை பார்க்காமலே எண்களைத் தட்டும். இப்போது இரண்டையும் ஒரே கை செய்ய வேண்டும். அதிலும் அந்தச் சின்ன லேப்டாப்பில் எண்களுக்குத் தனிக் கட்டம் இல்லை. மேல் வரிசையில்தான் தேட வேண்டும். முப்பது ஆண்டு வேலை தெரிந்த மனிதர், விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

“பழகிடும்,” என்று அங்கிருந்து சொன்னேன்.

“பழகிடும் பழகிடும்,” என்றார் அவர், என் குரலிலேயே.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அவருக்கு ஒரே ஒரு ஃபைல் கொடுத்தார். இயந்திர உதிரிப் பாகங்கள். லோரி மூன்று மணிக்குத் துறைமுக வாசலுக்கு வரும். அதற்குள் அறிவிப்பு போயிருக்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையம் சாலையோரக் கடை வரிசையில் இருக்கிறது. உள்ளே நாற்காலிகள், பக்கத்தில் மெஷின்கள். மிஸி, அதாவது தாதி, இரண்டு ஊசிகளையும் இடக்கையில் ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் தலையணைமேல் வைத்தார். லேப்டாப்பைக் குறுக்கு மேசையில் திறந்து வைப்பதற்காக என்னை உள்ளே விட்டார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழம்மாள் இருந்தார். பல ஆண்டுகளாக வருகிறவர்; அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

“என்னா தம்பி, ஆபீஸையே தூக்கிட்டு வந்துட்ட? கப்பல் உன்னக் கேட்டுத்தான் கரைக்கு வருமா?”

“வந்த கப்பலு வெளிய போகணும்ல மா.”

“நம்ம ரத்தமே வெளிய போயிட்டுத் திரும்பி வருது. கப்பலுக்கு என்ன அவசரம்?”

அறை சிரித்தது. மிஸி சிரித்துக்கொண்டே என்னை வெளியே போகச் சொன்னார். துணைக்கு வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வேண்டும்.

அங்கிருந்து பார்த்தேன். குரல் கேட்காது, எல்லாம் தெரியும். அவர் தட்டினார், நிறுத்தினார், மவுஸை எடுத்தார், வைத்தார், தட்டினார். மெதுவாகத்தான், ஆனால் வேலை நகர்வது முகத்தில் தெரிந்தது. பிறகு அவருடைய வலக்கை அப்படியே நின்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் அந்தக் கையில் சுற்றியிருந்த பட்டை உப்புவதைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. ஊசி உள்ள கையில் அதைக் கட்டக் கூடாது. மெஷின் தானாகவே அவ்வப்போது அதை இறுக்கி அளக்கும். அந்த நேரம் கையை அசைக்கக் கூடாது, அசைத்தால் மறுபடி முதலிலிருந்து இறுக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் அதைத்தான் இவ்வளவு காலம் செய்து வந்திருக்கிறார். நானும் இவ்வளவு காலம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கைக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை என்பதால் பட்டையை நான் கவனித்ததே இல்லை.

அவர் அவசரப்பட்டார். பட்டை இறங்குவதற்குள் கையை எடுத்தார். அது மறுபடி உப்பியது. மெஷின் கூவியது போலும், மிஸி வந்து எதையோ அழுத்தினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது; நாற்காலியைச் சாய்த்து அவருடைய காலைத் தூக்கி வைத்தார். லேப்டாப் இப்போது அவருடைய வயிற்றுக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில், திரையைக் காட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் சுங்கத் துறை சிஸ்டம் தானாக வெளியே தள்ளிவிடும். தள்ளியது. திரையின் நிறம் மாறியதைக் கண்ணாடி வழியே நான் பார்த்தேன்.

கதவைத் திறந்து தலையை நீட்டினேன். “நான் தட்டவா?”

அவர் தலையசைத்தார், வேண்டாம் என்று. அறிவிப்பு அவருடைய பெயரில், அவருடைய அனுமதியில் போவது. எனக்குத் தட்டத் தெரியும். பத்திரிகையில் ஒரு பக்கத்தை நிமிடக் கணக்கில் முடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் குறியீடுகளில் ஒன்றுகூடத் தெரியாது. ஓர் எண் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

“அக்கா, உள்ள வரக் கூடாது,” என்றார் மிஸி மலாயில், கோபமில்லாமல்.

மேசைமேல் இருந்த அவருடைய கைப்பேசி ஒளிர்ந்தது. அம்மாள்தான் எட்டி அதை எடுத்து அவர் காதில் வைத்தார். கதவு மூடுவதற்குள் அம்மாள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. “ரெண்டு கையும் இல்லாதவன்கிட்ட யாரு வேல கேக்குறது?” கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கேலி இல்லை.

போனில் வந்தது மேலாளர். லோரி வாசலில் நிற்பதாகச் சொன்னாராம். ஃபைலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும்படி இவர் சொன்னாராம். வாகனத்தில் இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை லேப்டாப்பைக் கொண்டு போகவில்லை. பட்டையைக் காலில் கட்ட முடியுமா என்று மிஸியிடம் கேட்டேன். சிலருக்குக் கட்டுவார்கள், இவருக்குக் காலில் அளவு சரியாகக் கிடைக்கவில்லை என்றார். குழாய் இணைப்பை வலக்கைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கவில்லை. அது நன்றாக ஓடுகிறது என்று ஒவ்வொரு முறையும் அவர்கள் பாராட்டுகிறார்கள். நன்றாக ஓடுவதை மவுஸுக்காக யார் மாற்றுவார்கள்?

வெள்ளிக்கிழமை காலை பசியாறும்போது நான் லேப்டாப்புக்காக வாதாடினேன். பெரியதாக வாங்கலாம், எண் கட்டம் உள்ளதாக. பட்டை இறுக்காத நேரத்தில் வேலை செய்யலாம். வீட்டில் மேசையில் வைத்துக்கொண்டாலும் டெஸ்க்டாப் போலத்தானே. நான் சொன்னது எல்லாமே சரி. அவர் தோசையை வலக்கையால் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

“லேப்டாப் வந்தா அந்த மூணு நாளும் என்கிட்ட கேப்பாங்க. கேக்குற ஒவ்வொரு தடவையும் முடியலன்னு நான் சொல்லணும். டெஸ்க்டாப்புன்னா ஒரு தடவ சொன்னா முடிஞ்சுரும்.”

பத்திரிகையில் இருந்த நாளெல்லாம் ஆட்கள் சொல்வதில் ஓட்டை தேடியவள் நான். அதில் ஓட்டை இல்லை.

அவர் கை கழுவிவிட்டு வந்து போன் போட்டார்.

“டெஸ்க்டாப் போதும் மா.”

“உறுதியா அண்ணே?”

“உறுதிதான்.”

“அப்ப... அந்த மூணு நாளு ஃபைலெல்லாம் வேற ஆளுக்கு மாத்திடட்டுமா? அடுத்த மாசத்துல இருந்து? உங்களுக்குப் பழைய ஃபைல் செக்கிங் தரேன். அவசரம் இல்லாதது.”

“மாத்திடு மா. நீ என்ன செய்வ?”

“ஸோரி அண்ணே.”

“அட அலமாக், இதுக்கு எதுக்கு ஸோரி?” என்று சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.

இரவல் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டியை எடுத்து வந்தோம். கடைக்காரர் வியந்துகொண்டே கட்டிக் கொடுத்தார். நடு அறையில், பழையது இருந்த இடத்திலேயே வைத்தோம். திரை பெரிது. மவுஸ் இடப்பக்கம். மறு மாதத்திலிருந்து பழைய ஃபைல்கள் வருகின்றன. எப்போதோ வெளியே போய், எங்கோ பிரித்து விற்றுத் தீர்ந்துபோன சரக்குகளின் ஃபைல்கள். எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று அவர் பார்க்கிறார். காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது.

செவ்வாய், வியாழன், சனிக்கு நாங்கள் போகிறோம். உள்ளே போகும்முன் கைப்பேசியை இப்போது என்னிடம் கொடுத்துவிடுகிறார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய இடக்கை தலையணைமேல் மலர்ந்து கிடக்கிறது. வலக்கையில் பட்டை உப்புகிறது, இறங்குகிறது. அவர் அசைவதில்லை.

முடிந்து வெளியே வரும்போது முதல் கேள்வி அதுதான்.

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இல்லீங்க.”

அவர் கைப்பேசியை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லைன் இருக்கிறதா என்று பார்க்கிறார்.