சுவரைத் தட்டிய தச்சர்

சைகோனில் டோங் டு தெருவுக்குப் பின்னால் வீடு வாங்கியதும், சமையலறைச் சுவரோடு சேர்த்து அலமாரி அடிக்க என் கணவர் ஒரு தச்சரை அழைத்து வந்தார். காரைக்கால்காரர், ஒல்லியான ஆள், காதில் பென்சில். எதைச் சொல்வதற்கு முன்னாலும் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

தேக்கு என்றால் ஒரு விலை. அமெரிக்கப் பட்டாளத்துச் சாமான் வந்த பெட்டிப் பலகை என்றால் அதில் கால்வாசி.

"தேக்கு எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டேன்.

"உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் வரும்மா. ஆனா உங்களுக்குப் பெட்டிப் பலகையே போதும்."

அதிக லாபத்தை வேண்டாம் என்கிற ஆளை நான் பார்த்ததில்லை. "ஏன், உங்ககிட்ட நல்ல தேக்கு இல்லையா?"

அவர் மறுபடி சுவரைத் தட்டினார். "இருக்கும்மா. நீங்க இங்க எத்தனை வருஷம் இருப்பீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேக்கேதான் வேண்டும் என்றேன். அவர் அடித்த ஒவ்வொரு பலகையையும் நகத்தால் கீறிப் பார்த்தேன். அசல் தேக்கு.

நாலாம் வருஷம் போரில் சைகோன் விழுந்தது; வீட்டை அப்படியே போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பெட்டியோடு ஊரைவிட்டே கிளம்பினோம். போகும்போது அந்த அலமாரியைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

அந்த ஆளுக்கு மட்டும் முன்கூட்டியே யார் சொன்னார்கள்?